கொதிநீரிலிருந்து கொதியெண்ணெய்க்கு: மீயின் நெடும்பயணம்



நான் பணியாற்றிய தமிழ்ப்பள்ளிகள் அனைத்திலும் ஒரு காட்சி மாறாதிருந்தது. ஓய்வுவேளை மணி அடித்ததும் சிற்றுண்டிச்சாலையில் முதலில் காலியாவது நாசி லெமாவாக இருக்கும். இல்லையேல் மீகோரிங்காக இருக்கும். பிள்ளைகளுக்குக் காசு கொடுத்து அதனை வாங்கி உண்ணச் சொல்பவர்களும் நாமே. "சீனர் சாப்பாடு, ஒரே எண்ணெய்" என்று அதன்மீது குறை கூறுபவர்களும் நாமே.

இக்குறைகூறல் வரலாற்றோடு பொருந்தாது. மீ தன் நீண்ட வாழ்நாளில் பெரும்பகுதியைக் கொதிநீரில்தான் கழித்திருக்கிறது. அன்றாடம் எண்ணெய்ச் சட்டிக்குள் விழும் நிலை அதற்கு ஏற்பட்டது அண்மைக் காலத்தில்தான். அவ்வாறு விழுந்ததில் நம்மவர் கைவண்ணத்திற்கும் பங்குண்டு. தோட்டப்புறத்தில் நம் முன்னோர் சிந்திய வியர்வைக்கும் பங்குண்டு. இன்று பல வீடுகளில் ‘ஏர் ஃபிரையர்’ எனப்படும் காற்றுப் பொரிகலன் வந்து அமர்ந்துவிட்ட நிலையில், இவ்வரலாற்றைத் தெரிந்துகொண்டால் அக்கருவியை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குப் பயன்படுத்த வேண்டா என்பதும் தெளிவாகும்.

கவிழ்ந்து கிடந்த கிண்ணம்

2005ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழில் ஒரு சிறு கட்டுரை வெளிவந்தது. சீனாவின் வடமேற்கில், சிங்ஹாய் மாநிலத்தில், மஞ்சள் ஆற்றின் மேற்பகுதியில் லாஜியா என்றொரு தொல்லூர் உண்டு. ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன்னர் நிலநடுக்கமும் பெருவெள்ளமும் அவ்வூரை அழித்தன. அங்கே 3 மீட்டர் ஆழத்தில் கவிழ்ந்து கிடந்த ஒரு மண்கிண்ணத்தை ஆய்வாளர்கள் மெல்லத் தூக்கியபோது, அதனடியில் மெல்லிய மஞ்சள் இழைகள் சுருண்டு கிடந்தன. இழைகளின் நீளம் 50 சென்டிமீட்டருக்கும் மேல். உண்ண அமர்ந்தவர் உண்ணாமலே போன உணவு அது.

அவ்விழைகளை ஆராய்ந்தவர்கள் அவை கோதுமையால் ஆனவை அல்ல என்றனர். தினையும் பனிவரகும்தான் அவற்றின் மூலப்பொருள் என்றனர். தினை என்றதும் நாம் சற்று நிமிர்ந்து உட்கார்வது இயல்பே! எனினும், தினைமாவில் கோதுமையைப் போன்ற இழுவைத்தன்மை இல்லாததால் அதனை இத்துணை நீளமாக இழுத்திருக்க இயலுமா என்று பின்னாளில் வேறு சில ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பினர். கிண்ணத்தில் இருந்தது மாவினால் ஆன இழையுணவு என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

கோதுமை மேற்காசியாவிலிருந்து சீனாவுக்குச் சென்ற தானியமாகும். ஹான் பேரரசின் காலத்தில், அதாவது கி.மு. 206 முதல் கி.பி. 220 வரையில், திரிகைக் கல்லின் பயன்பாடு பரவியது. கோதுமையை மாவாக்கி உண்ணும் பழக்கமும் உடன் பரவியது. மாவைப் பிசைந்து செய்யும் உணவு எதுவாயினும் அக்காலச் சீனர் ‘பிங்’ என்றனர். அதனைச் சாற்றில் இட்டு வேகவைத்தால் அது ‘தாங் பிங்’. இன்றைய நூடல்ஸின் மூதாதை இந்தத் தாங் பிங்தான். பெயரிலேயே சாறு இருப்பதைக் காண்க. சோங் பேரரசின் காலத்தில் (960–1279) கைஃபெங், ஹாங்சோ போன்ற நகரங்களில் இழையுணவுக்கென்றே கடைகள் நிறைந்திருந்தன. சீனத்தில் அதனை ‘மியன்’ என்பர். ஹோக்கியன் மொழியில் அது ‘மீ’. மலாய்க்காரர்கள் ஹோக்கியன் மக்களிடமிருந்து அச்சொல்லைப் பெற்றனர், நாமும் பெற்றோம். ஆக, சிற்றுண்டிச்சாலையில் "மீ வேணும்" என்று நம் பிள்ளை கேட்கும்போது ஒரு ஹோக்கியன் சொல்லைத்தான் சொல்கிறது.

ஈண்டு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மார்க்கோ போலோதான் சீனாவிலிருந்து நூடல்ஸை இத்தாலிக்குக் கொண்டுபோனார் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. இது தவறு. போலோ வெனிசுக்குத் திரும்பிய ஆண்டு 1295. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னரே, 1154இல், அல்-இத்ரீசி என்னும் அரபு நிலவியலாளர் சிசிலித் தீவில் இழையுணவு செய்து கப்பலேற்றி விற்பதைப் பதிவு செய்திருக்கிறார். போலோ கதையைப் பரப்பியதில் 1929இல் அமெரிக்க மெக்கரோனி வணிகர்களின் இதழொன்று வெளியிட்ட கற்பனைக் கதைக்குப் பெரும்பங்கு உண்டு. விளம்பரம் வரலாறாகிவிட்டது!

நம்முடைய இடியப்பமும் இழையுணவுதான். நாம் மாவைப் பிழிந்து ஆவியில் அவிக்கிறோம். சீனர் இழுத்தோ வெட்டியோ நீரில் வேகவைக்கின்றனர். இரண்டிலும் எண்ணெய்க்கு வேலையில்லை.

மஞ்சள் நிறம் எங்கிருந்து வந்தது?

பெற்றோர் பலர் மஞ்சள் மீயில் முட்டையோ மஞ்சள்தூளோ கலந்திருப்பதாக எண்ணுகின்றனர். முட்டை கலந்த மீ உண்டு. ஆனால் நம் சந்தைகளில் விற்கும் மஞ்சள் மீயின் நிறத்திற்கு அடிப்படைக் காரணம் காரநீர். சோடியம் கார்பனேட்டு, பொட்டாசியம் கார்பனேட்டு ஆகிய உப்புகள் கரைந்த நீரால் மாவைப் பிசைவர். கோதுமை மாவில் இயல்பாகவே இருக்கும் நிறமிகள் காரத்தன்மையில் மஞ்சளாக மாறும். மாவும் உறுதிப்பட்டு, கடிக்கும்போது மீள்விசை கொடுக்கும். வெப்ப நாட்டில் மீ விரைவில் புளித்துப்போகாமல் காப்பதற்கும் இக்காரம் ஓரளவு துணைசெய்தது. வேகவைத்த மீ ஒட்டிக்கொள்ளாமலிருக்க அதன்மேல் எண்ணெய் தடவி விற்பர். கையில் வழவழவென்று ஒட்டுவது அவ்வெண்ணெய்தான். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சமைக்கும் இடத்திற்கு வரும்போது தேவைப்படும்.

1786இல் பினாங்கில் ஃபிரான்சிஸ் லைட் கால்வைத்ததிலிருந்தே சீனர் குடியேற்றம் பெருகத் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லாருட்டிலும், பின்னர்க் கிந்தாப் பள்ளத்தாக்கிலும் ஈயம் தோண்ட ஃபூஜியன், குவாங்டோங் மாநிலங்களிலிருந்து ஆயிரமாயிரமாய் வந்திறங்கினர். ஒவ்வொரு குழுவினரும் தத்தம் இழையுணவைக் கொண்டுவந்தனர். ஹோக்கியன் மக்களிடம் தடித்த மஞ்சள் மீ. கண்டோனீயரிடம் மெல்லிய வான்தான் மீ. தியோச்சூ மக்களிடம் அரிசிமாவில் செய்த கொய்தியாவ். 1903இல் சித்தியவானில் குடியேறிய ஃபூச்சோ மக்களிடம், சிவப்பு அரிசி மதுவில் கொதித்த கோழிச்சாற்றில் இடும் மீசுவா. இவற்றுள் பெரும்பாலானவை சாற்றோடு உண்பவை.

வறுத்த மீ சீனாவிலும் இல்லாமலில்லை. ஆனால் எண்ணெயும் பன்றிக்கொழுப்பும் விலைமிகுந்த காலத்தில் அது நாள்தோறும் உண்ணும் உணவாக இருந்திருக்க இயலாது. ‘யீ மீ’ என்று நாம் கடைகளில் வாங்கும் பொரித்த மீயை ஈ பிங்ஷோ (1754–1815) என்னும் சிங் பேரரசின் காலத்து அதிகாரியின் பெயரோடு இணைத்துச் சொல்வர். அவர் வீட்டுச் சமையற்காரர் வேகவைத்த முட்டை மீயைக் கொதிக்கும் எண்ணெயில் பொரித்து வைத்தார் என்பது வழிவழியாக வரும் கதை. விருந்தினருக்காகவே அது செய்யப்பட்டது. இன்றும் பிறந்தநாள் விருந்துகளில் நீண்ட ஆயுளின் அடையாளமாகப் படைக்கப்படுகிறது.

எங்கள் தோட்டத்திற்குச் சைக்கிளில் மீ விற்க வரும் சீனத் தாத்தாவைப் பற்றி என் அம்மா அடிக்கடி கூறுவார். மூங்கில் துண்டுகளைத் ‘டொக் டொக்’ என்று தட்டியபடி வருவாராம். அந்த ஓசையாலேயே ‘டொக் டொக் மீ’ என்று அதற்குப் பெயர். சிங்கப்பூர்த் தெருக்களிலும் இதே ஓசை கேட்டது. கிண்ணத்தில் சிறிது மீ, நிறையச் சாறு, இரண்டு கீரைத் தண்டு, அவ்வளவுதான். விலை சில காசுகள். அம்மா இதனைச் சொல்லும்போதெல்லாம் நான் கவனிப்பது ஒன்றை மட்டுந்தான்: எண்ணெய் என்ற சொல் அக்கதையில் வருவதேயில்லை.

மாமாவின் சட்டி

கோலாலம்பூரில் பெத்தாலிங் சாலை வட்டாரத்தில் 1920களில் உருவான கருநிற ஹோக்கியன் மீ, பெரும் இரும்புச் சட்டியில், கரி நெருப்பில், பன்றிக்கொழுப்பில் வறுக்கப்படுவது. கண்டோனீயர் ‘வோக் ஹேய்’ என்பர். சட்டியின் மூச்சு என்று பொருள். அம்மணத்தின் மயக்கத்தை யாரும் மறுக்கவியலாது.

தமிழ் முஸ்லிம்கள் இதே மஞ்சள் மீயை எடுத்துத் தங்கள் சட்டியில் இட்டனர். பன்றிக்கொழுப்பை நீக்கினர். அரைத்த மிளகாய், தக்காளி, வேகவைத்த உருளைக்கிழங்கு, தவ்கூ, தவுகே, முட்டை, இறால் வடைத்துண்டு ஆகியவற்றைச் சேர்த்தனர். இறுதியில் ஓர் எலுமிச்சைத் துண்டு. இதுதான் மாமாக் மீகோரிங். ‘மாமாக்’ என்னும் சொல்லே நம் ‘மாமா’விலிருந்து பிறந்தது. இந்த மீகோரிங் சீனாவில் பிறந்ததன்று; தமிழ்நாட்டில் பிறந்ததும் அன்று. இம்மண்ணில் மூன்று இனத்தவரும் ஒருவர் தோளை ஒருவர் உரசி நின்ற தெருக்களில் பிறந்த உணவு அது. வரலாற்று ஆசிரியர்கள் ஒற்றுமை பற்றிப் பாடம் நடத்தும்போது பதாகைகளைக் காட்டுவதைவிட ஒரு தட்டு மீகோரிங்கைக் காட்டலாம் என்பது என் கருத்து. ஆனால், அத்தட்டில் எண்ணெயும் இனிப்புச் சாந்தும் நாளுக்குநாள் கூடிவந்திருப்பதையும் காட்டத்தான் வேண்டும்.

எண்ணெய் ஏன் கூடியது? மலிந்ததால் கூடியது. 1917இல் சிலாங்கூரில் தென்னமாரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோகொன்னியே என்னும் பிரெஞ்சுக்காரர் செம்பனையை வணிகப் பயிராக முதன்முதலில் நட்டார். பின்னாளில் மலாயாவைக் களமாகக் கொண்ட புதினத்திற்காக 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றவரும் இவரே. 1960களில் இரப்பர் விலை சரிந்தபோது தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செம்பனைக்கு மாறின. பால்வாளி தூக்கிய நம் மக்களின் கைகள் குலை வெட்டும் அரிவாளைப் பிடித்தன. சில பத்தாண்டுகளில் இந்நாட்டில் சமையல் எண்ணெய் யாவரும் வாங்கத்தக்க பொருளாகிவிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் மாவும் மலிந்தது. கோதுமை விளையாத இந்நாட்டில் 1960களில் மாவாலைகள் எழுந்தன. அவற்றுள் ஒன்று பேராக் மாநிலத்தின் லூமுட்டில் 1966இல் இயங்கத் தொடங்கியது. மலிந்த மாவு, மலிந்த எண்ணெய் ஆகிய இரண்டும் ஒன்றாகக் கிடைத்த பின்னரே மீகோரிங் பள்ளிப்பிள்ளையின் அன்றாடப் பசியாறலாக மாறியது.

இரண்டு நிமிடம்

மூன்றாவது காரணம் சப்பானிலிருந்து வந்தது. தைவானில் 1910இல் பிறந்த மொமொஃபுகு அண்டோ, போருக்குப் பிந்தைய ஒசாகாவில் ஒரு கிண்ணம் சூடான ராமெனுக்காக மக்கள் குளிரில் நீண்ட வரிசையில் நின்றதைக் கண்டவர். அமெரிக்கக் கோதுமை சப்பானில் குவிந்துகொண்டிருந்த காலம் அது. தொழிலில் நொடித்துப்போன அவர், இக்கேடா நகரில் தம் வீட்டுக் கொல்லையில் இருந்த சிறு கொட்டகையில் அமர்ந்து, கெடாமலிருக்கும் மீயைச் செய்ய முயன்றார். ஆவியில் வெந்த மீயைக் கொதிக்கும் எண்ணெயில் இட்டதும் அதிலிருந்த நீர் ஆவியாகி வெளியேறியது. நீர் இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாயின. பின்னர் வெந்நீர் ஊற்றினால் அத்துளைகள் வழியே நீர் புகுந்து மீ மீண்டும் மென்மையானது. 1958 ஆகஸ்ட் 25ஆம் நாள் ‘சிக்கன் ராமென்’ விற்பனைக்கு வந்தது. 1971இல் கிண்ண நூடல்ஸ் வந்தது. 2007இல், தம் 96ஆம் வயதில் அண்டோ காலமானார்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நாம் நீரில் வேகவைத்து உண்பதால் பொட்டல மீயை அவித்த உணவு என்றே கருதுகிறோம். உண்மையில், நம் வீட்டுக்கு வருமுன்பே அது எண்ணெயில் பொரிக்கப்பட்டுவிட்டது. நீர் வெளியேறிய துளைகளில் எண்ணெய் குடிபுகுந்திருக்கும். மீயின் எடையில் 15 முதல் 20 விழுக்காடு வரை கொழுப்பு. நம் வட்டாரத்தில் பொரிப்பதற்குப் பெரும்பாலும் செம்பனை எண்ணெயே பயன்படுகிறது. அதில் ஏறக்குறையப் பாதி நிறைவுற்ற கொழுப்பாகும். இதற்கு மேல் உப்பு வேறு. பல பொட்டலங்களில் சோடியம் 1000 மில்லிகிராமைத் தாண்டும். அதாவது, உலக நலவாழ்வு நிறுவனம் வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு விதித்த 2000 மில்லிகிராம் எல்லையில் பாதி, ஒரே கிண்ணத்தில்!

1970களில் மேகி இந்நாட்டுச் சமையலறைகளில் நுழைந்தது. இன்று எந்த நிறுவனத்தின் உடனடி மீயாக இருந்தாலும் ‘மேகி’ என்றே அழைக்கிறோம். மாமாக் கடைகளில் ‘மேகி கோரிங்’ தனி உணவாகிவிட்டது. ஏற்கெனவே பொரித்த மீயை வேகவைத்து, மறுபடியும் எண்ணெயில் வறுப்பது! தாய்மார்களை நான் குறைகூற மாட்டேன். விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, ஆறரைக்குப் பள்ளிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய வீட்டில் இரண்டு நிமிட உணவின் மதிப்பு எனக்கும் தெரியும்.

மீயின் வரலாற்றில் ஒரு துயரப் பக்கமும் உண்டு. 1988 அக்டோபரில், சீனர்களின் ஒன்பது பேரரசர் விழாவை ஒட்டி, பேராக் மாநிலத்தில் ‘லோ ஷீ ஃபன்’ எனப்படும் அரிசி மீயை உண்ட சிறார் 13 பேர் இறந்தனர். இறந்த பிள்ளைகளின் உடலில் பூஞ்சைநஞ்சான அஃப்ளாடாக்சின் கண்டறியப்பட்டது. மீ கெடாமலிருக்கவும் மீள்விசை பெறவும் சிலர் போரிக் அமிலம் கலக்கும் வழக்கமும் அப்போது பெரிதும் பேசப்பட்டது. ஈரமான மீ விரைவில் கெடக்கூடியது. இன்றும் சந்தையில் வாங்கும்போது எப்போது செய்தது என்று கேட்பதும், வீட்டிற்கு வந்ததும் குளிர்பெட்டியில் வைப்பதும், புளித்த வாடை சிறிது வந்தாலும் எறிந்துவிடுவதும் கட்டாயம். எனக்குத் தெரிந்த சில பெற்றோர் இதில் சிக்கனம் பார்க்கின்றனர், வேண்டா.

எண்கள் சொல்வது

2019ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வு, மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருப்பதாகக் கூறியது. இந்தியர்களிடையே அவ்விழுக்காடு 31.4. அதே ஆய்வில் 5 முதல் 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் 29.8 விழுக்காட்டினர் மிகையெடை அல்லது உடற்பருமன் உடையவர்கள் எனத் தெரிந்தது. 2023ஆம் ஆண்டின் ஆய்வில் நாட்டின் மொத்த நீரிழிவு 15.6 விழுக்காடாகக் காணப்பட்டது; ஆறு பேரில் ஒருவர்க்கு இருக்கும் நோயை நாம் சிறியதென்று சொல்ல முடியாது. இதற்கு மீ மட்டுமே காரணம் என்று யாரேனும் சொன்னால் அது அறியாமை. தே தாரிக்கும், சோற்றுக் குவியலும், அசையாத மாலைப்பொழுதுகளும் உள்ளன. ஆனால் என் வகுப்பில் ஒரு மாணவன், "தாத்தாவுக்குக் கால் எடுத்துட்டாங்க, ஆசிரியர்" என்று சாதாரணமாகச் சொல்வதைக் கேட்ட பிறகு, அவன் கையிலிருக்கும் உணவுப் பெட்டியைப் பாராமல் இருக்க என்னால் முடிவதில்லை.

காற்றுப் பொரிகலன் என்ன செய்யும்?

ஃபிரெட் வான் டெர் வெய் என்னும் டச்சுக்காரர் உருவாக்கிய கருவியை 2010இல் பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் மின்பொருள் கண்காட்சியில் அறிமுகம் செய்தது. ‘ஏர் ஃபிரையர்’ என்ற பெயர் அதனோடு பரவியது. பெயரில் பொரித்தல் இருந்தாலும் அது பொரிப்பதில்லை. மேலே ஒரு சூட்டுக் கம்பி, அதன்மேல் ஒரு விசிறி; சூடான காற்று உணவைச் சுற்றி விரைந்து சுழலும். மேற்பரப்பின் ஈரம் விரைவில் உலர்ந்து மொறுமொறுப்பு வரும். சுருங்கச் சொன்னால், விசிறி பொருத்திய சிறு வெதுப்படுப்பு.

ஆகவே, அது மீயை வேகவைக்காது. உலர்ந்த மீயை அப்படியே உள்ளே வைத்தால் கல்லைப்போல் ஆகும். இன்னொரு தவறும் நடக்கிறது. உடனடி மீயைப் பொட்டலத்திலிருந்து எடுத்துக் கலனில் இட்டு, மசாலைத்தூளைத் தூவி, "எண்ணெயில்லாத் தின்பண்டம்" என்று பிள்ளைகளுக்குக் கொடுக்கின்றனர். எண்ணெய் தொழிற்சாலையிலேயே சேர்ந்துவிட்டது என்பதை மேலே கண்டோம். கலன் அதனை வெளியேற்றாது. உடனடி மீதான் வேண்டுமென்றால், எண்ணெயில் பொரிக்காமல் காற்றில் உலர்த்திய வகைகளும் கடைகளில் கிடைக்கின்றன. பொட்டலத்தின் பின்புறத்தில் கொழுப்பின் அளவைப் பார்த்து வாங்குக. மசாலைத்தூளில் பாதியை மட்டும் இடுக.

கருவி உண்மையில் கைகொடுப்பது வேறிடத்தில். கண்டோனீயர் கடைகளில் ‘சாங் மீ’ என்றொரு வகை உண்டு. மெல்லிய முட்டை மீயை எண்ணெயில் முழுக்கிப் பொரித்துக் கூடுபோல் ஆக்கி, அதன்மேல் காய்கறிக் குழம்பை ஊற்றுவர். அந்தக் கூட்டினை முழுக்குப் பொரியல் இல்லாமல் செய்யலாம். நான் செய்யும் முறை இது, நால்வருக்குப் போதும்.

வான்தான் மீக்குப் பயன்படும் மெல்லிய பச்சை மீ 250 கிராம் எடுத்துக்கொள்க. நிறையக் கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி, வடிகட்டி, குளிர்ந்த நீரில் அலசுக. மேலொட்டிய மாவும் காரமும் உப்பில் ஒரு பகுதியும் இவ்வாறு நீங்கும். தடித்த மஞ்சள் மீயாயின் நான் முன்னர்ச் சொன்ன அவ்வெண்ணெயும் கழுவப்பட்டுவிடும். பிறகு தூய துணியில் பரப்பிப் பதினைந்து நிமிடமாவது ஈரம் போகவிடுக. இந்தப் பொறுமைதான் முறையின் உயிர். ஈரமான மீ மொறுமொறுப்பாகாது, தோல்போல் இழுபடும். இரண்டு தேக்கரண்டி எண்ணெயைக் கையால் பிசறுக. அதாவது ஆளுக்கு அரைத் தேக்கரண்டி.

கலனை 180 பாகையில் சில நிமிடம் சூடாக்கி, மீயை மெல்லிய அடுக்காகப் பரப்பி, 6 நிமிடம் வைக்க. புரட்டிப் போட்டு மேலும் 3 அல்லது 4 நிமிடம். மீயின் இழைகள் எடை குறைந்தவை. உலர உலர விசிறிக் காற்றில் மேலெழுந்து சூட்டுக் கம்பியைத் தொட்டுக் கருகக்கூடும். ஆதலின் கலனோடு வரும் கம்பித்தட்டினை அதன்மேல் கவிழ்த்து வைப்பது நலம். நிறம் பொன்னாக இருக்கும்போதே எடுத்துவிடுக. மாவுணவுகள் 120 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் கருகும்போது அக்ரிலமைடு என்னும் வேண்டாத பொருள் உண்டாகும் என 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். காற்றுப் பொரிகலனும் இதற்கு விதிவிலக்கன்று.

குழம்புக்கு, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் பூண்டும் இஞ்சியும் வதக்கி, கோழித்துண்டுகள் அல்லது தவ்கூ, காளான், கேரட், இறுதியில் கைநிறையச் சாவிக்கீரை சேர்க்க. காய்கறி மீயைவிடக் கூடுதலாக இருக்கட்டும். மூன்று கோப்பை நீரோ உப்பிடாத கோழிச்சாறோ ஊற்றிக் கொதித்ததும், உப்புக் கிச்சாப் இரண்டு தேக்கரண்டி மட்டும் விடுக. ஒரு தேக்கரண்டியிலேயே ஏறத்தாழ 300 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது; எனவே தனியே உப்பு வேண்டியதில்லை, மிளகுத்தூள் போதும். இரண்டு மேசைக்கரண்டிச் சோளமாவை நீரில் கரைத்து ஊற்றி, கெட்டியானதும் அடுப்பை அணைத்து, ஒரு முட்டையை அடித்து இழையாக விடுக.

கோழி, முட்டை உண்ணாத வீடுகளில் மீ வாங்கும்போது பொட்டலத்தைப் படித்துப் பார்க்க. மெல்லிய மீயில் பெரும்பாலும் முட்டை இருக்கும். அத்தகையோர் மீகூனை வெந்நீரில் ஊறவைத்து இதே முறையில் செய்யலாம். அதற்கு 4 நிமிடமே மிகுதி.

காலையில் இதற்கெல்லாம் நேரமேது என்பீர்கள். மீக்கூட்டை முதல்நாள் இரவே செய்து, நன்றாக ஆறியபின் காற்றுப்புகாப் பெட்டியில் வைத்துக் குளிர்பெட்டியில் சேமித்துவிடலாம். காலையில் கலனில் 2 நிமிடம் சூடாக்கினால் பழைய மொறுமொறுப்பு திரும்பிவிடும். குழம்பையும் குளிர்பெட்டியில் வைத்து, காலையில் கொதிக்கவிட்டுத் தனிக் குடுவையில் ஊற்றிப் பள்ளிக்குக் கொடுத்தனுப்புக. ஒரே பெட்டியில் ஊற்றி அனுப்பினால் ஓய்வுவேளைக்குள் மீ ஊறிக் களியாகிவிடும். பிள்ளை அதனை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரும்.